பெட்டியில் வளரும் கோழிக்குஞ்சுகளைக் கைக்குப் பழக்குவது எப்படி?

பெட்டிக்குள் கையை விட்டதும் குஞ்சுகள் சிதறி ஓடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றனவா? குஞ்சின் மேல் குறையில்லை. கை வரும் திசைதான் தவறு. மேலிருந்து இறங்குவது எதுவானாலும் குஞ்சுக்கு அது பருந்து. தரையோடு தரையாக, பக்கவாட்டில் வருவது தாய்க்கோழி. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெட்டியிலிருந்தே தொடங்குங்கள்

ஆழமான பெட்டியைத் தரையில் வைத்தால் உங்கள் கை எப்போதும் மேலிருந்துதான் வரும். அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில், அடியிலிருந்து 8 செ.மீ. விட்டு, 20 செ.மீ. சதுரமாக வெட்டி ஒரு வலைக்கதவு வைத்துவிடுங்கள். தரையில் பரப்பும் மரச்சீவலும் சிந்தாது, கையும் குஞ்சின் மட்டத்திலேயே நுழையும். வெட்ட முடியாத பிளாஸ்டிக் தொட்டி என்றால் மேசைமேல் வையுங்கள். கையை ஓரமாக இறக்கி, தரையைத் தொட்ட பிறகே குஞ்சுகள் பக்கம் நகர்த்துங்கள்.

தரையில் வெறும் செய்தித்தாள் வேண்டாம். வழுக்கும். பிறந்த சில நாளில் கால்கள் இரு பக்கமும் விரிந்து, குஞ்சு நிற்க முடியாமல் போவதற்கு வழுக்கும் தரை ஒரு முக்கியக் காரணம். 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு மரச்சீவல் போடுங்கள்.

சூடு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் போதும், வேண்டும்போது குஞ்சுகள் விலகிக்கொள்ளும். சூடு தரும் பல்பைக் கிளிப்பை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். கழன்று மரச்சீவலில் விழுந்தால் தீப்பிடிக்கும். தனியாக ஒரு சங்கிலியும் கட்டுங்கள்.

குளிரில் நடுங்கும் குஞ்சு எந்தக் கைக்கும் பழகாது. அதனால்தான் சூட்டுக்கு இத்தனை பேச்சு.

ஒற்றைக் குஞ்சாக வளர்க்காதீர்கள், குறைந்தது மூன்று. தனிக்குஞ்சு உங்களிடம் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் விலகும் ஒவ்வொரு முறையும் அது தொண்டை கிழியக் கத்தும்.

முதல் இரண்டு நாள்

பெட்டியில் விடும்போது ஒவ்வொன்றாக எடுத்து, அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். மூக்குத்துளை நனையக் கூடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. அதன்பின் தூக்க வேண்டாம், ஓய்வெடுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள், அது போதும். ஆனால் இந்த நாட்களில் முகம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு புதியவற்றின் மேல் பயம் வளரத் தொடங்கும். அதற்குள் உங்கள் உருவமும் குரலும் அவற்றுக்குப் பழகியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: விரல் கொத்தட்டும்

தாய்க்கோழி குஞ்சுகளை இரைக்கு அழைக்கும்போது தரையைக் கொத்திக்கொண்டே ‘கொக் கொக்’ என்று கூப்பிடும். அதைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். ஒரு சிட்டிகைத் தீவனத்தைத் தரையில் போட்டு, சுட்டுவிரல் நுனியால் அதன்மேல் ‘டொக் டொக்’ என்று தட்டுங்கள். கூடவே ‘பா... பா...’ என்று ஒரே மாதிரி குரல் கொடுங்கள். முதலில் ஒரு குஞ்சு கழுத்தை நீட்டும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் விரலைப் பார்க்கும், பிறகு ஓடிவந்து நகத்தைக் கொத்தும். மற்றவை அதைப் பார்த்துத் தாமாகவே வரும்.

அடுத்த நாள் தீவனத்தை உள்ளங்கையில் வைத்து, புறங்கை தரையில் படும்படி நீட்டுங்கள். குஞ்சு கைமேல் ஏறிவரும்வரை அசையாதீர்கள். ஏறியவுடன் தூக்கிவிடும் ஆசையை அடக்குங்கள். அந்த அவசரத்தில்தான் பலருக்கு முந்தைய நாள் உழைப்பு வீணாகிறது. ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை.

வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கடுகளவு உதிர்த்துக் கொடுத்தால் இன்னும் வேகமாக வரும். தின்பண்டம் மொத்த இரையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தானியம், கீரை என்று கொடுக்கத் தொடங்கினால் அவற்றை இரைப்பைக்குள் அரைக்கப் பொடிக்கல்லும் வைக்க வேண்டும்; கோழிக்குப் பல் இல்லையே.

தூக்கும் முறை

தரையில் உட்கார்ந்துகொண்டு தூக்குங்கள். நின்றபடி தூக்கினால், துள்ளி விழும் குஞ்சின் கால் போகும்.

ஒரு கையைக் குஞ்சின் மார்புக்குக் கீழே நுழைத்து, இரண்டு கால்களும் உள்ளங்கையில் ஊன்றும்படி ஏந்துங்கள். மறுகையை முதுகின்மேல் கூரைபோலக் கவிழ்த்து வையுங்கள். அழுத்த வேண்டாம். பறவைகளுக்கு நம்மைப்போல உதரவிதானம் (மூச்சிழுக்க உதவும் தசைத்திரை) கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூக்கு திறந்திருந்தும் குஞ்சு மூச்சுத்திணறும். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது இதைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் 2, 3 நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ‘கீச்! கீச்!’ என்று உரக்க, விடாமல் கத்தினால் குளிர் அல்லது பயம். உடனே திருப்பி விடுங்கள். மெல்லிய குரலில் அதிர்ந்தாற்போல முனகி, உடல் தளர்ந்து, தலை தொங்கினால் தூங்கப்போகிறது; அந்தக் குஞ்சு உங்களை நம்பிவிட்டது.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. குஞ்சை மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், அதைச் சுகமாகப் படுத்திருப்பதாக நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது சுகமல்ல, உறைந்துபோகும் பயம். இரை விலங்கு கடைசியாகக் கையாளும் வழி அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கையில் இருக்கும்போதே பின்புறத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து துளையை அடைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, உலர்த்திப் பெட்டியில் விடுங்கள். பிய்த்தால் தோல் கிழியும். அதற்குக் கீழே வயிற்றுப் பக்கம் கறுப்பாகச் சிறு பொருக்கு இருந்தால் அது தொப்புள். தொடவே வேண்டாம், தானே உதிரும்.

இரண்டாம் வாரம் முதல்

மடியில் துணி விரித்துப் பத்து நிமிடம் உட்கார்த்தலாம். பெட்டியில் 5 செ.மீ. உயரத்தில் ஒரு குச்சி வையுங்கள். அதில் ஏறப் பழகிய குஞ்சு உங்கள் விரலிலும் ஏறும். மூன்றாம் வாரம் சிறகு முளைத்துப் பறந்து வெளியே வரும், வலைமூடி தேவை.

நான்காம் வாரத்தில், அதுவரை ஓடிவந்தவைகூடத் திடீரென்று விலகலாம். இறகுக் குருத்துகள் வெளிவரும் காலம் அது. குருத்துக்குள் ரத்தம் ஓடுவதால் எதிர்த்திசையில் தடவினால் வலிக்கும். முதுகைத் தடவுவதை நிறுத்திவிட்டு மார்பை மட்டும் வருடுங்கள், கையில் இரை கொடுப்பதைத் தொடருங்கள். துரத்திப் பிடிக்காதீர்கள். பிடித்தே ஆகவேண்டுமென்றால் விளக்கைக் குறைத்துவிட்டு எடுங்கள். மங்கலில் கோழி அடங்கிவிடும்.

வீட்டுக்குள் என்பதால்

பெட்டி சமையலறையில் இருக்கக் கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகமாகக் காய்ந்தால் எழும் புகை பறவைகளைக் கொல்லும். நலமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும், நமக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முத்தமிடுவதும் முகத்தோடு அணைப்பதும் வேண்டாம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பார்க்கட்டும், தொட வேண்டாம்.

ஆறு வாரத்தில் இறகு முழுதாக மூடியபின் வெளிக்கூண்டுக்கு மாற்றும்போது, அதே குரல், அதே கிண்ணம். முதல் மூன்று நாள் கூண்டுக்குள் தரையில் உட்கார்ந்து கையிலிருந்தே இரை கொடுங்கள். நிமிர்ந்து நின்றால் நீங்கள் மறுபடியும் பருந்துதான்.