இடுப்பு வலிக்குக் காரணம் தரையில் இருந்தது

ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க மேசை முன் நிற்க வேண்டும். மதியத்துக்கு மேல் இடப்பக்க இடுப்பு மட்டும் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வலி இருக்காது.

தைலம், பெல்ட், புது மெத்தை எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. தசைப்பிடிப்பு அதில் தெரியாது, படுத்தே கிடக்காமல் நடங்கள் என்றார் டாக்டர். நடந்தால் குறைந்தது, வேலைக்குப் போனால் திரும்ப வந்தது.

அப்புறம்தான் செருப்பைக் கவனித்தேன். இடது செருப்பு மட்டும் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதிதாக வாங்கியதும் அப்படியே தேய்ந்தது. ஒருநாள் கொட்டிய டீ நேராக வாய்க்கால் பக்கம் ஓடியது. கழுவிவிட வசதியாகத் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். என் இடது கால் எப்போதும் பள்ளத்தில்.

மேஸ்திரியிடம் சொல்லி, நிற்கும் இடத்தில் ஒரு பக்கம் சீவிய பலகையைப் போட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். மேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து, குனியத் தேவையில்லாத உயரத்துக்குக் கொண்டுவந்தோம். சின்னக் கட்டை ஒன்றில் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறேன். வலி விட்டது, பெரிய நிம்மதி.

கால் மரத்துப்போனாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ இதையெல்லாம் செய்துகொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.