வன்னிக்குப் பழைய டீசல் வான்: எந்த என்ஜின், எதைப் பார்த்து வாங்குவது

பழைய வான் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது ஆண்டையும் மீற்றரையும்தான். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டியின் மீற்றரை நம்புவது, தரகர் சொல்லும் 'ஒரு கை ஓட்டம்' என்ற சொல்லை நம்புவதுபோல. விலையும் தரத்தைச் சொல்லாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழுதான வண்டிக்கும் நல்ல வண்டி விலைதான் கேட்டார்கள்.

வன்னியில் ஒரு டீசல் வண்டியைத் தின்பது கிரவல் புழுதியும், ரேடியேற்றருக்குள் ஊற்றும் கிணற்றுத் தண்ணீரும், மாரி வெள்ளமும். எனவே என்ஜினைத் தெரிவுசெய்யும்போது வேகத்தைக் கேட்காதீர்கள். இவற்றைத் தாங்குமா, தாங்காத நாளில் உங்கள் ஊர்க் கராஜில் திறந்து மூடமுடியுமா என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் டொயோட்டாவின் டொல்பின் ஹையேஸ் வானில் வரும் 3எல் என்ஜின்தான் முன்னுக்கு நிற்கும். 2779 சிசி, டேர்போ (என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சுழலி) இல்லை, கணினி இல்லை, பம்ப் முழுக்க இயந்திரப் பம்ப். அதே குடும்பத்து 5எல் 2986 சிசி. கிடைத்தால் இன்னும் நல்லது. 2எல் 2446 சிசி மட்டும்தான். நெல் மூட்டை ஏற்றினால் இழுவை போதாமல், ஓட்டுபவர் மிதித்துக்கொண்டே இருப்பார். அதனால் சூடும் கூடும். மூன்றிலும் வால்வைத் திறந்து மூடும் கேம், டீசல் பம்ப் இரண்டையும் சுற்றுவது ஒரே டைமிங் பெல்ற். அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபட்டு, என்ஜினின் மேற்பாகமான ஹெட்டைக் கழற்றவேண்டி வரும். பெல்ற் மாற்றும் தவணை பொதுவாக 100,000 கிலோமீற்றர். டாஷ்போர்டில் டி-பெல்ற் என்ற விளக்கு இருந்தால், சாவியைத் திருப்பியதும் எரிந்து என்ஜின் பிடித்ததும் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் எரிந்துபோயிருக்கலாம், யாரோ வேண்டுமென்றே கழற்றியும் இருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது.

டவுன்ஏஸ், லைற்ஏஸ் வான்களின் 2சி (1974 சிசி), 3சி (2184 சிசி) சிக்கனமானவை, கடைத்தெருவுக்கும் பாடசாலை ஓட்டத்துக்கும் போதும். பலவீனம் ஹெட்டில். ஒருமுறை தண்ணீர் வற்றிச் சூடேறினால் ஹெட் வளையும், வால்வுகளுக்கு இடையில் வெடிப்பு விழும். டேர்போ சேர்ந்தவற்றில் இது இன்னும் கூட. வன்னி சமதரை, மலை ஏறாத வண்டியில் இந்தக் குறை வருடக்கணக்கில் வெளியே தெரியாது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

மிற்சுபிஷி டெலிகாவின் 4டி56 (2477 சிசி) நன்றாக இழுக்கும். ஆனால் அதில் பெல்ற் இரண்டு. உள்ளே, அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாப்ற்றைச் சுற்றும் சின்னப் பெல்ற் முதலில் அறுந்து, பெரிய பெல்ற்றுக்குள் சிக்கி அதையும் கொண்டுபோகும். பெரியதை மட்டும் மாற்றி 'பெல்ற் புதுசு' என்று விற்பதுண்டு. இரண்டின் பற்றுச்சீட்டையும் கேளுங்கள். நிசான் கரவானின் டிடி27 (2663 சிசி) பல்சக்கரத்தில் சுற்றுவதால் பெல்ற் கவலையே இல்லை. சத்தம் கூடிய, சோம்பலான, சாகாத என்ஜின்.

2004க்குப் பிந்திய கேடிஎச் ஹையேஸில் 2கேடி (2494 சிசி), 1கேடி (2982 சிசி) வருகின்றன. கொமன் ரெயில் (கணினி கட்டுப்படுத்தும் உயர் அழுத்த டீசல் முறை), டேர்போ, ஓட்டச் சுகம் வேறு. ஆனால் டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டருக்குக் கீழுள்ள செப்பு வொஷர் கசிந்தால் எரிந்த புகை ஒயிலுக்குள் இறங்கிக் கரியாகி, ஒயில் தொட்டியில் உள்ள வலையை அடைக்கும். ஒயில் மேலே போகாது. பெயாரிங் பிடித்து என்ஜின் நிற்கும். ஆகவே ஸ்கானர் வைத்துள்ள கராஜில் நான்கு இஞ்செக்டரின் திருத்த அளவையும் (ஒவ்வொன்றுக்கும் கணினி டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பார்க்காமல் இந்த வண்டிக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம். பரலில் வாங்கிய டீசலும் தண்ணீர் கலந்த டீசலும் இதற்கு நஞ்சு.

ஹைபிரிட் கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்வா, அக்சியோ போன்றவற்றில் பெரிய பற்றரியைக் குளிராக்கும் காற்றாடி பின் சீற்றுப் பக்கமிருந்து காற்றை இழுக்கிறது. கண்ணாடியைத் திறந்துவிட்டுக் கிரவல் றோட்டில் ஓடிய காரில் அந்தக் காற்றாடி செம்மண்ணால் அடைபட்டிருக்கும். பற்றரி சூடேறி முந்தியே செத்துப்போகும். மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

இனி வண்டி பார்க்கும் நாள். காலை ஏழு மணிக்குப் போங்கள், 'அண்ணை, நாங்கள் வந்தாப்பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கோ' என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். போனதும் ரேடியேற்றரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை இயக்கியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்புங்கள். குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது.

ரேடியேற்றர் மூடியைக் கழற்றுங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ற் இருந்தால் நல்ல அறிகுறி. துருநிறத் தண்ணீரும் வாயில் வெள்ளைப் படிவும் இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் ஓடிய வண்டி. அந்தச் சுண்ணாம்பு குழாய்களுக்குள்ளும் இருக்கும், ஹெட்டுக்குள்ளும் இருக்கும். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முடுக்குங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழ் வரலாம். விடாமல் பொடிக்குமிழ் வந்தாலோ, மூடியை மூடி இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினாலோ, ஹெட் கஸ்கற் போயிருக்கிறது அல்லது ஹெட் வெடித்திருக்கிறது.

புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை டீசல் மணத்தோடு வந்து ஒரு நிமிடத்தில் தெளிந்தால், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக் ஒன்றிரண்டு வேலை செய்யவில்லை; சின்னச் செலவு. தெளியாமலே நின்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. மிதிக்கும்போது மட்டும் கறுப்பு வந்தால் நொசில் அல்லது எயார் பில்ற்றர். சந்தேகம் தீர அந்த அழுத்தத்தை, அதாவது கொம்பிரஷனை, அளந்துவிடுங்கள். 3எல் என்ஜினுக்குப் புதிதில் 455 பிஎஸ்ஐ, ஆகக் குறைந்தது 284. சிலிண்டருக்குச் சிலிண்டர் 71க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நான்கும் ஒரே அளவில் 350 காட்டும் என்ஜின், மூன்று 420உம் ஒன்று 300உம் காட்டுவதைவிட நல்லது.

இப்போது பெரும்பாலானவர்கள் செய்யாத ஒரு சோதனை. எயார் பில்ற்றர் பெட்டியைத் திறந்து, பில்ற்றருக்கு அப்பால் என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் ஒட்டினால் புழுதி பிஸ்டன்வரை போயிருக்கிறது. புழுதி உப்புத்தாள் மாதிரி ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்திருக்கும். உறுதிப்படுத்த, ஓடும் என்ஜினின் ஒயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே துளையில் வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் என்ஜின் இறக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நின்ற வண்டிகள் இப்போது எங்கெங்கோ ஓடுகின்றன. வெள்ளம் கண்ட வண்டியைக் கழுவலாம், ஆனால் சீற் பெல்ற்றை முடிவுவரை இழுத்துப் பார்த்தால் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். சீற் தண்டவாளத்தின் அடி, விளக்குக் கண்ணாடியின் உட்பக்கம், கார்ப்பெற்றுக்குக் கீழ் வயர்க் கட்டு ஆகியவற்றையும் பாருங்கள். பின் அச்சிலுள்ள டிபரன்ஷியலுக்கு ஒயில் ஊற்றும் ஆணியைக் கழற்றி விரல் விடுங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முல்லைத்தீவு, பூநகரி, மன்னார்க் கரையோர வண்டியென்றால் சேசிஸ்தான் முக்கியம். புதிதாகத் தார் பூசிய அடிப்பாகம் அழகுக்காகப் பூசப்பட்டதல்ல. ஸ்குறூ டிரைவர்ப் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் இரும்பு, 'டொக்' என்றால் துருவும் புட்டியும். பின் லீப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் பிரேக் குழாயையும் விடாதீர்கள்.

முன் சில்லை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ற்றும் பெயாரிங்கும் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் ஸ்டியரிங் ஜொயின்ற்றுகள். கிரவலில் ஓடிய வண்டியில் இவை தேய்ந்திருப்பது இயல்பு. இதற்காக வண்டியை விடவேண்டாம், விலையைக் குறையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது நண்பகலில், ஏசி போட்டு, ஏழெட்டுப் பேரை ஏற்றி. கிளிநொச்சியிலிருந்து ஏ9இல் மாங்குளம் போய்த் திரும்புங்கள். வரும் வழியில் முறிகண்டியில் எப்படியும் பிள்ளையாருக்கு நிற்கத்தான் வேண்டும். கச்சான் வாங்கி முடியும்வரை என்ஜினை நிறுத்தாமல் விடுங்கள். சூடு முள் நடுவைத் தாண்டி ஏறினால் ரேடியேற்றர், காற்றாடி, ஹெட் மூன்றில் ஒன்று சரியில்லை. பிறகு நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் பிடித்து, சூட்டில் பிடிக்க மறுத்தால் டீசல் பம்பின் உட்பாகம் தேய்ந்திருக்கிறது. பழைய என்ஜின்களின் இந்த இயந்திரச் சுழல் பம்புக்கு மசகே டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் பம்பைக் காயவிட்டிருப்பார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. அந்தக் கைப்பழக்கம் டீசல் வானுக்குச் சரிவராது.

பத்திரங்களில், வண்டியின் பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ், என்ஜின் இலக்கங்களை வண்டியில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள், தரகர் வாசிக்கக் கேட்டு அல்ல. என்ஜின் மாற்றிய வண்டி தவறில்லை. மாற்றியதைப் புத்தகத்தில் பதியாததுதான் தவறு. சேசிஸ் இலக்கத்தைச் சுற்றி உருக்கு ஒட்டியதோ அரைத்ததோ தெரிந்தால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனம் இருந்தால், அவர்களின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை முழுப்பணம் கொடுக்கக்கூடாது. கையெழுத்து மட்டும் வைத்த வெறும் படிவத்தோடு, 'ஓப்பன் பேப்பர்' என்று கைமாறி வந்த வண்டி இங்கே ஏராளம். இடையில் ஒருவர் வெளிநாடு போயிருந்தால் உங்கள் பெயருக்கு மாற்ற அலையவேண்டி வரும். உரிமை மாற்றம் 14 நாளுக்குள் செய்யவேண்டியது. புகைச் சான்றிதழையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே, விற்றவர் என்ன சொன்னாலும், பெல்ற் உள்ள என்ஜினென்றால் டைமிங் பெல்ற்றையும் அதன் பெயாரிங்கையும் மாற்றுங்கள். என்ஜின், கியர் பொக்ஸ், டிபரன்ஷியல் ஒயில்களையும் எல்லாப் பில்ற்றர்களையும் மாற்றுங்கள். ரேடியேற்றரைக் கழுவி, கூலன்ற் பாதி, வடித்த தண்ணீர் பாதி என்று நிரப்புங்கள். டீசல் பில்ற்றரின் அடியிலுள்ள ஆணியை மாரி காலத்தில் மாதம் ஒருமுறை தளர்த்தித் தண்ணீரை இறக்குங்கள். மூடும்போது கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் பிளாஸ்ரிக் வெடிக்கும்.