பீங்கானும் இழையும் சேர்ந்த மார்புக் கவசத்தை வடிவமைக்கும் முறை

துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மார்புக் கவசத்தை வடிவமைக்க முனைபவர் எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து தொடங்கக் கூடாது. எந்தக் குண்டு, எந்த வேகத்தில், எத்தனை முறை தாக்கும் என்பதையும், அணிபவர் எவ்வளவு எடையை எத்தனை மணி நேரம் சுமப்பார் என்பதையும் முதலில் எழுதி வைக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 2008-இல் வெளியிட்ட, 2023-இல் 0101.07-க்கு வழிவிட்ட, 0101.06 தரநிலையின் மூன்றாம் பாதுகாப்பு நிலை, 9.6 கிராம் எடையுள்ள 7.62 மி.மீ. நேட்டோ ரைஃபிள் குண்டு நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,440 ஜூல். கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கான அதன் 3ஏ நிலையில் இருந்த .44 மேக்னம் குண்டின் ஆற்றல் 1,480 ஜூல் அளவில்தான் இருக்கிறது. இந்தியப் படைகளுக்காக வடிவமைப்பவர் ஐஎஸ் 17051:2018 தரநிலையை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

கைத்துப்பாக்கிக் குண்டை இழை அடுக்குகளே பிடித்துவிடும். ரைஃபிள் குண்டோ கூர்மையானது; அதனுள் கடின எஃகு இருந்தால், இழை நீண்டு ஆற்றலை வாங்குவதற்கு முன்பே அதை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே முன்னால் ஒரு பீங்கான் தகடும் பின்னால் இழைப் பலகையும் தேவைப்படுகின்றன. பீங்கான் குண்டின் முனையை மழுக்கி உடைக்கிறது. தானும் கூம்பு வடிவில் நொறுங்கி, தாக்குதலைப் பின்பலகையின் அகன்ற பரப்பில் பரப்புகிறது. எஞ்சிய துண்டுகளை இழை பிடித்து நிறுத்துகிறது. பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் இழுவிசையைத் தாங்காது. குண்டு பட்டதும் தகடு பின்புறமாக வளைய, விரிசல் அந்தப் பின்முகத்திலேயே பிறக்கிறது. பின்பலகை விறைப்பாக இருந்தால் வளைவு குறைந்து, பீங்கான் சில மைக்ரோ நொடிகள் கூடுதலாக முழுமையாக நிற்கும். குண்டின் முனை தேய்வது அந்த நேரத்தில்தான். பீங்கானின் கடினத்தன்மையில் மட்டும் கவனம் செலுத்திவிட்டுப் பின்பலகையை மிச்சப் பணத்தில் முடிப்பது சரியான வழியன்று என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்து எடைக் கணக்கு. 250 மி.மீ. அகலமும் 300 மி.மீ. உயரமும் கொண்ட தகட்டின் பரப்பு 0.075 சதுர மீட்டர். 8 மி.மீ. தடிப்பில் செய்தால், கன சென்டிமீட்டருக்கு 3.9 கிராம் அடர்த்தியுள்ள அலுமினா என்ற பீங்கான் சுமார் 2.3 கிலோவும், 3.2 அடர்த்தியுள்ள சிலிக்கான் கார்பைடு 1.9 கிலோவும், 2.52 அடர்த்தியுள்ள போரான் கார்பைடு 1.5 கிலோவும் எடை கொள்ளும். முன்னும் பின்னும் இரண்டு தகடுகள் அணிபவருக்கு முதலாவதற்கும் கடைசியானதற்கும் இடையே ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் வேறுபடுகிறது. மலைமேல் ஏறும் சிப்பாய்க்கு அது பெரிய சுமை. அலுமினா மலிவானது, தயாரிக்க எளிதானது. போரான் கார்பைடு மிக இலேசானதும் மிகக் கடினமானதும் ஆகும். எனினும் மிக உயர்ந்த அழுத்தத்தில் அதன் படிக அமைப்பு மெல்லிய பட்டைகளாகக் குலைந்து வலிமை இழப்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே, வேகமும் கடினமான உள்ளகமும் கொண்ட குண்டுகளுக்கு எதிராகச் சிலிக்கான் கார்பைடே நம்பகமான தேர்வு.

தகட்டை ஒரே துண்டாகச் செய்வதா, சிறு ஓடுகளை ஒட்டிச் சேர்ப்பதா என்பதும் முடிவு செய்ய வேண்டியது. ஒற்றைத் தகட்டில் இணைப்பின் பலவீனம் இல்லை. ஆனால் முதல் குண்டின் விரிசல் நீண்ட தூரம் ஓடும். ஓடுகளில் சேதம் ஓர் ஓட்டோடு பெரும்பாலும் நிற்கும். ஆனால் இணைப்பில் படும் குண்டு எளிதாக உள்ளே போகும். எந்த வகையானாலும் தகட்டைச் சுற்றி அராமிட் (கெவ்லர் வகைச் செயற்கை இழை) அல்லது கண்ணாடி இழைத் துணியை இறுக்கிப் பசையுடன் போர்த்த வேண்டும். நொறுங்கிய பீங்கானை இடத்திலேயே பிடித்து வைக்கும் போர்வை இல்லையெனில் இரண்டாவது குண்டுக்கு எதிரே ஒன்றும் மிஞ்சாது.

இழையைத் தேர்வதற்கு அதன் வலிமையை மட்டும் பார்ப்பது போதாது. குண்டு பட்ட இடத்திலிருந்து இழுவிசை அலை இழை நெடுக எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு நீளமான இழை ஆற்றலை வாங்கிக்கொள்ளும். விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அந்த வேகம் கிடைக்கும். ட்யூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்டறிந்த வழியில் பிறந்த கெவ்லரில் அது நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆன இழையான மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனில் 10 கிலோமீட்டரைத் தாண்டும். பாலிஎத்திலீன் நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது, ஈரத்தால் கெடாது. ஆனால் 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே உருகிவிடும். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் நாள்கணக்கில் கிடக்க விடுவது அதற்கு நல்லதன்று. அராமிட் உருகாது, ஆனால் நனைந்தால் தடுப்புத் திறன் குறையும், சூரியனின் புற ஊதாக் கதிரில் நலியும்; அதனால் அதை நீர்புகாத, ஒளிபுகாத உறைக்குள் விளிம்பு ஒட்டி அடைக்க வேண்டும். பாலிஎத்திலீன் தாள்களை 0, 90 டிகிரி என மாற்றி அடுக்கி, உருகுநிலைக்குக் கீழே, சுமார் 125 டிகிரியில் உயர் அழுத்தத்தில் அழுத்தி, குளிரும்வரை அழுத்தத்தை விடாமல் இருந்தால்தான் பலகை விறைப்பாக வரும்.

காலப்போக்கில் இழை எப்படி மாறும் என்பதைப் புறக்கணித்ததன் விலையை ஸைலான் கற்றுக்கொடுத்தது. கெவ்லரைவிட வலிமை மிகுந்த அந்த இழையால் செய்த உடையைத் துளைத்து, 2003-இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு காவலரைக் குண்டு காயப்படுத்தியது. உடல் வியர்வையும் ஈரக்காற்றும் இழையை உள்ளிருந்தே சிதைத்திருப்பதை ஆய்வுகள் காட்டின. 2005-இல் ஸைலான் உடைகளுக்கான அங்கீகாரம் நீக்கப்பட்டது. இதன் பிறகு வந்த 0101.06 தரநிலை, இழை அடுக்குகளால் ஆன வளையும் மென்கவசத்தை 65 டிகிரி வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் பத்து நாள் உருளும் பெட்டிக்குள் 72,000 முறை சுழற்றிய பின்னும் சுடச் சொன்னது. புதிய மாதிரியில் கிடைத்த வெற்றியை வடிவமைப்பின் வெற்றியாக எழுதக் கூடாது.

சோதனையில் கவசத்தைக் களிமண் படுகையின் மேல் கட்டிச் சுட வேண்டும். குண்டு நின்றால் மட்டும் போதாது. அந்த அமெரிக்கத் தரநிலையின்படி, பின்னால் களிமண்ணில் விழும் பள்ளம் 44 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது, ஏனெனில் துளைக்காத அடியும் விலா எலும்பையும் கல்லீரலையும் சிதைக்க வல்லது. சுடுவதற்கு முன் 63.5 மி.மீ. விட்டமும் 1,043 கிராம் எடையும் உள்ள எஃகு உருண்டையை 2 மீட்டர் உயரத்திலிருந்து களிமண்ணில் போட்டால் பள்ளம் 19 மி.மீ., இரண்டு கூடக் குறைய, வர வேண்டும். வராவிடில் களிமண்ணின் வெப்பநிலையைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டுப் பட்டறையில் ஒட்டிய தகட்டை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று இல்லாமல் எவரும் உடலில் அணியக் கூடாது. சான்று பெற்ற தகட்டிலும் தயாரித்த நாள், பயன்பாட்டுக் காலம், எந்த உள் உடையுடன் சேர்த்து அணிய வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை அழியாத எழுத்தில் பொறிக்க வேண்டும். கீழே விழுந்த பீங்கானின் விரிசல் உறைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது; ஆகவே விழுந்த தகட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே திரும்பக் கொடுக்க வேண்டும்.