துண்டு கட்டினால் தூசி நிற்காது: கல் குவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை பத்து மணி வெயிலில், பாறையில் துளை போடும் ஜாக் ஹாமரைப் பிடித்து நிற்பவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இமை, புருவம், காதோரம் எல்லாம் மாவு பூசியது போல வெளுத்திருக்கும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. துளையிலிருந்து தூசி புகை மாதிரி எழும்பி நேராக அவர் முகத்துக்கே வரும். தண்ணீர் டிரம் பத்தடி தள்ளிக் காலியாகக் கிடக்கும். கேட்டால், "துண்டு கட்டியிருக்கேன்ல சார், ஒண்ணும் ஆகாது" என்பார். குவாரிகளில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். ஆட்களைக் கொல்லும் தவறுகளில் முதலாவதும் இதுதான்.

துண்டு நிறுத்துவது கண்ணுக்குத் தெரிகிற தூசியை. அது எப்படியும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசி அறை வரை போவது கிட்டத்தட்ட 5 மைக்ரானுக்கும் சிறிய துகள். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. துண்டின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாக நுழையும். மணலில் இருக்கும் அதே சிலிக்கா கருங்கல்லிலும் இருக்கிறது. வெங்கச்சங்கல் ஏறக்குறைய முழுக்கவே சிலிக்காதான். உள்ளே போய் ஒட்டிய துகளை உடம்பால் கரைக்க முடியாது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாகி இறுகிக்கொண்டே போகும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது.

பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்கத் தொடங்கும். அதனால் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் மூடிய கொட்டகைக்குள் கல்லை மாவாக அரைக்கும் ஆலைகளில் சில வருடங்களே போதும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து குஜராத்தின் கோத்ரா பக்கத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போன பழங்குடி மக்கள் அப்படித்தான் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது.

சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம் தின்றால் தூசி கழிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வெல்லம் போவது வயிற்றுக்கு. துகள் இருப்பது நுரையீரலில். இரண்டும் சந்திப்பதே இல்லை.

அப்போ என்ன செய்வது? தூசியைக் கிளம்பும் இடத்திலேயே நனைக்க வேண்டும். துளை போடும்போதே தண்ணீர் விட வேண்டும். கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷரில் கல் கொட்டும் வாயிலும், பெல்ட்டிலிருந்து பெல்ட்டுக்கு ஜல்லி விழும் இடத்திலும் தெளிப்பான் வேண்டும். முகக்கவசம் அதற்கு அப்புறம்தான். அதுவும் என்95 தரத்தில், ஓரத்தில் காற்றுப் புகாதபடி. இன்னொன்று, வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றை உடம்பில் அடித்துச் சட்டையைச் சுத்தம் செய்வார்கள். படிந்த தூசியைத் திரும்பவும் கிளப்பி மூச்சில் இழுக்கிற வேலை அது. அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உதறினால், பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் பங்கு போகிறது. குவாரியிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு போக ஓர் அறை கட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

"தண்ணிக்கு எங்க போறது" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல குவாரிகளில் குழியின் அடியில் ஊற்றுநீரும் மழைநீரும் தேங்கி நிற்கிறது. அதை மோட்டார் போட்டு வெளியே ஓடைக்கு விடுகிறார்கள். சேறு கலந்த அந்தத் தண்ணீர் கீழே ஏரியில் போய் வண்டலாகப் படிகிறது. பக்கத்துக் கிணறுகளில் மட்டம் இறங்குகிறது. அதே தண்ணீரை ஒரு தொட்டியில் தேக்கித் தெளியவைத்தால் துளை போடவும், டிப்பர் ஓடும் பாதையில் தெளிக்கவும் ஆகும். மிச்சத்தை விவசாயிக்கு விடலாம்.

அடுத்தது பாறைச் சரிவு. 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவு வேலையின்போது பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மேலிருந்து கல் விழுந்துகொண்டே இருந்ததால் மீட்பு வேலை பல நாள் இழுத்தது. 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியில் ஆறு உயிர்கள் போயின. பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 1961இன் சுரங்க ஒழுங்குமுறைகளிலேயே இருக்கும் அடிப்படைக் கணக்கு. குவாரிக்காரர்கள் பெஞ்ச் என்று சொல்வது இந்தப் படியைத்தான். பெஞ்ச் விட்டால் கல் வீணாகிறது என்று கணக்குப் போட்டு நேர்ச்சுவராக இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் நூறடிச் சுவரின் காலடியில் ஹிட்டாச்சியை நிறுத்தி அள்ளச் சொல்கிறார்கள். மேலே ஒரு விரிசலில் மழைநீர் இறங்கியிருந்தால் கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதோடு சேர்ந்த தவறு, தோண்டிய மண்ணையும் கழிவுக்கல்லையும் குழியின் விளிம்பிலேயே குவிப்பது. டீசல் மிச்சம் என்று செய்கிறார்கள். அந்தப் பாரம் முழுக்கச் சுவரின் தலையில் உட்காருகிறது. ஐப்பசி மழையில் ஊறினால் சுவரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மேல்மண்ணைத் தனியாக, விளிம்பிலிருந்து தள்ளிச் சேர்த்து வைத்தால் பின்னால் மரம் நட அதுவே உதவும். கழிவுக்கல்லோடு கலந்துவிட்டால் பிறகு அதில் புல்கூட முளைக்காது.

வெடி விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெடித்து முடிந்த பழைய துளையின் அடிப்பாகம் மிச்சமிருந்தால், அதிலேயே மறுபடி டிரில்லை இறக்காதீர்கள். துளை போடச் சுலபமாக இருக்கும் என்று செய்கிறார்கள். உள்ளே வெடிக்காத வெடிமருந்துத் தோட்டா மிச்சம் இருந்தால், அந்தக் கை திரும்ப வராது.

கல் தீர்ந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவதோடு குவாரி முடிவதில்லை. 2017 வறட்சியில் சென்னை குடித்தது நகரை ஒட்டிய சிக்கராயபுரம் கல் குவாரிகளின் தண்ணீரையும்தான். கைவிட்ட குழி நல்ல நீர்த்தேக்கமாக முடியும். ஆனால் கோடை விடுமுறையில் பிள்ளைகள் மூழ்கிச் சாவதும் இப்படிப்பட்ட குழிகளில்தான். சுவர் செங்குத்தாக இருப்பதால் விழுந்தவரால் ஏறி வர முடிவதில்லை. வண்டி இறங்கிய பாதையை அழிக்காமல் ஒரு பக்கமாவது சரிவாக விட்டு, சுற்றி வேலி போட்டுவிட்டுப் போக வேண்டும்.

கடைசியாக, வேலை செய்பவர்களுக்கு. இருமலோடு போனால் பல இடங்களில் காசநோய் என்று நினைத்து அதற்கான மாத்திரை தருவார்கள். குறையாவிட்டால் மறுபடியும் அதே மாத்திரை. சிலிக்கோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் எளிதில் ஒட்டும் என்பதும் உண்மை. அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் இத்தனை வருஷமாகக் கல் உடைக்கிறேன்." குவாரியின் வேலையாட்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் பெயர்தான் முதலில் விடுபடும். பெயர் ஏறாவிட்டால், பதினைந்து வருடம் கழித்து மூச்சு முட்டும்போது, நீங்கள் இங்கே வேலை பார்த்ததற்கே சாட்சி இருக்காது. வேலையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனை உங்கள் உரிமை. அன்று எடுத்த மார்பு எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வீட்டில் வைத்திருங்கள்.