டொக்டர் வருமானம் கேட்டால் என்ன சொல்வது

திருகோணமலை பாலையூற்றிலிருந்து 14 வருஷமாக ஓட்டோ ஓடுகிறேன். கிளினிக் நாள் என்றால் காலை ஐந்தரைக்கே ஆட்கள் வாசலில் நிற்பார்கள். போகும்போது பேச்சு குறைவு. திரும்பும்போதுதான் கொட்டுவார்கள்: "வருத்தத்தைக் கேக்காம, வீட்டில எத்தனை பேர், என்ன உழைப்பு, குடிக்கிறதா எண்டெல்லாம் கேக்கிறார் தம்பி. பொண்ணு பாக்கவா வந்திருக்கிறார்?" நானும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆமாம் போட்டவன்தான்.

எனக்குப் பிரஷர். 2022இல் கிளினிக்கில் குளிசை இல்லாமல் போய், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்த காலம். ஓட்டம் இல்லை, கையில் காசும் இல்லை. பார்மசியில் பத்து நாளுக்கு வாங்கி இருபது நாளுக்கு இழுத்தேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள். டொக்டர் "ஒழுங்காப் போடுறீங்களா? வாங்க வசதி இருக்கா?" என்று கேட்டார். பின்னால் வாங்கில் தெரிந்த முகம் இரண்டு. "ஓம் டொக்டர், எல்லாம் போடுறன்" என்றேன். பிரஷர் 170இல் நின்றது. ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லையே என்று அவர் லோசாட்டன் என்ற பிரஷர் குளிசையை 50 மில்லிகிராமிலிருந்து 100 ஆக்கி, இன்னொன்றையும் சேர்த்தார். சில மாதம் கழித்துக் கிளினிக்கில் மருந்து வந்தது. சும்மா கிடைத்ததால் எழுதினபடி முழுவதையும் போட ஆரம்பித்தேன். நாலாம் நாள் அனுராதபுரச் சந்தியில் ஒரு அம்மாவின் அரிசி மூட்டையை இறக்கக் குனிந்து நிமிர்ந்தேன். கண் இருண்டு, மூட்டையோடு நானும் ரோட்டில். பொய் சொன்ன பிரஷருக்கு எழுதின மருந்து, உண்மையான உடம்பில் வேலை செய்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளினிக்குக்கு முதல் நாள் இரவு குளிசை அட்டைகளை எடுத்து மிச்சத்தை எண்ணுங்கள். மிச்சம் இருக்கக் கூடாத நாளில் மிச்சம் இருந்தால் அதுதான் டொக்டருக்கு வேண்டிய செய்தி. "போன மாதம் எட்டு நாள் போடவில்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். அட்டைகளையும் கொண்டுபோங்கள், நாட்டு மருந்து, சூரணம், லண்டனிலிருந்து மகன் அனுப்பிய விற்றமின் போத்தல் எல்லாம் அதே பையில்.

காசுக் கேள்விக்குச் சம்பளத் தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. "வெளியில வாங்கிறதெண்டா மாசம் இவ்வளவுதான் முடியும்" என்றால் போதும். உங்கள் சம்பளத்தை வைத்து டொக்டர் எதுவும் செய்யப் போவதில்லை. எந்தத் துண்டை நீங்கள் பார்மசியில் பாதியாக வெட்டுவீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கடலை நம்பி இருப்பவர்கள் மாதக் கணக்கே சொல்லாதீர்கள். கார்த்திகை மார்கழியில் தொழில் இல்லை, அந்த நேரம் கஷ்டம் என்று சொல்லுங்கள். பிறகு நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே மருந்து வேறு கம்பனியில் விலை குறைவாக இருக்கிறதா? காசு முட்டுப்பட்டால் இதில் எதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது? இரண்டாவது கேள்வியை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் அரிசி மூட்டை தப்பியிருக்கும்.

"வீட்டில பிரிட்ஜ் இருக்கா?" என்ற கேள்வியை ஒரு ஆச்சி அவமானமாக எடுத்துக்கொண்டு, இல்லாத பிரிட்ஜை இருக்கிறது என்றார். அவருக்கு இன்சுலின் எழுதினார்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை குளிருக்குள் இருக்க வேண்டும். அது ஆச்சியின் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், அலுமாரிக்குள் கிடந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் ஈரமண்ணில் மண்சட்டி வைத்துப் பாதுகாக்கிற வழியை நேர்ஸ் மிஸ்ஸியே சொல்லிக் கொடுத்திருப்பார். ஃபிரீசருக்குள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், உறைந்தால் அதுவும் குப்பைதான்.

குடிக்கு "கொஞ்சம்" என்பது பதில் இல்லை. சாராயம் கால் போத்தல் என்றால் 180 மில்லி. அது கிழமைக்கு எத்தனை என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நின்றால் எண்ணிக்கை தானாகக் குறையும், அதைத் தனியாகச் சொல்லுங்கள். இதில் மானத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாள்தோறும் நிறையக் குடிக்கிறவர் காலை உடைத்துக்கொண்டு வார்டில் படுத்தால் குடி சட்டென்று நிற்கும். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், பிதற்றுவார், வலிப்பும் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுப்பார்கள். தெரியாவிட்டால் வீட்டார் பேய் பிடித்தது என்று நூல் கட்ட ஆள் தேடுவார்கள். ஒரு முறை அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போனவனே நான்தான்.

உண்மையில் எங்கள் ஊரில் டொக்டரை விடப் பெரிய தடை முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாங்கு. அடுத்த இரண்டு நோயாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒருவர் மச்சான் முறையாகவும் இருப்பார். இன்னொன்று பாஷை. டொக்டர் சிங்களம், நோயாளி தமிழ், நடுவில் மொழிபெயர்க்கப் பத்தாம் வகுப்பு மகள். "கட்டில் விஷயம் எப்படி?" என்று அவர் கேட்டால் அந்தப் பிள்ளை அப்பாவிடம் என்னவென்று கேட்கும்? "நித்திரை வருதா எண்டு கேக்கிறார் அப்பா" என்று ஒரு பிள்ளை சமாளித்ததாம். அப்பாவும் நல்லா வருது என்றிருக்கிறார்.

சீனி வருத்தம், பிரஷர் உள்ள ஆண்களுக்கு அந்தக் கட்டில் பிரச்சினை வருவது சாதாரணம், சில மருந்தாலும் வரும். சொன்னால் மாற்றலாம். சொல்லாமல் யாரோ கொடுத்த வயாகரா மாதிரி நீலக் குளிசையைப் போட்டு, நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையையும் வைத்தால் பிரஷர் படுகுழிக்குப் போய் உயிரே போகலாம். ஆகவே வாயால் சொல்ல முடியாததைத் தமிழில் எழுதி மடித்துக் கொடுங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியைக் கூப்பிட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் இருப்பார். "டொக்டர், ஒரு விஷயம் தனியா" என்று மெதுவாகச் சொன்னால் கதவைச் சாத்துகிற டொக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களோடு வருகிற கணவன்மாருக்கும் மாமிமாருக்கும் ஒன்று. வெளியே நில்லுங்கள் என்றால் நில்லுங்கள். கடைசியாகக் குளித்தது, அதாவது மாதவிடாய் வந்தது, எப்போது என்ற கேள்வி துருவல் இல்லை. லோசாட்டன் மாதிரிச் சில பிரஷர் குளிசைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்பதும் அடிக்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்கிற கேள்வி இல்லை. அதற்கென்று ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் இருக்கிறது, பெண்களுக்கு உதவ 1938 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. என் ஓட்டோவின் பின்சீற்றில் அந்த இலக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு முறை யாரோ கிழித்தார்கள், மூன்றாவது ஸ்டிக்கர் நிற்கிறது.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். ஒரு தனியார் இடத்தில் படிவத்தில் வீடு சொந்தமா வாடகையா, மனைவி எங்கே வேலை என்று இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "போம்ல இருக்கு அண்ணன்" என்றது கவுண்டர்ப் பிள்ளை. வெறுமையாக விட்டேன், ஒருவரும் கேட்கவில்லை. டொக்டரிடம் "இது ஏன் டொக்டர்?" என்று கேட்டால் மருந்தோடு ஒரு காரணம் வரும். படிவத்திடம் கேட்டால் இப்படித்தான்.

நான் விழுந்த பிறகு போன கிளினிக்கில் புது டொக்டர், சின்னப் பிள்ளை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கேட்டு முடித்து, "ஓடும்போது மூத்திரம் போக எங்க ஐயா நிறுத்துவீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது, சேர்த்த இரண்டாவது குளிசை நீர் பிரிய வைப்பது. காலையில் போட்டால் நிலாவெளி ஓட்டத்தில் இடம் தேட வேண்டும் என்று நான் அதைத்தான் முதலில் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் அளவைக் குறைத்து, நேரத்தையும் மாற்றி எழுதினார். இப்போது பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து அதைப் போடுகிறேன்.