ஃபயர்வால் தேர்வு: டீஃபால்ட்டா, ஸ்ட்ரிக்ட்டா?

கும்பகோணம்–தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்து பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வால் (நெட்வொர்க்கில் வந்துபோகும் டிராஃபிக்கை வடிகட்டும் காவல்) தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆன்டி-ஸ்பைவேர் (உளவு மென்பொருள் தடுப்பு), வல்னரபிலிட்டி புரொடக்‌ஷன் (மென்பொருள் ஓட்டைகள் வழியே வரும் தாக்குதலைத் தடுப்பது) இரண்டிலும் டீஃபால்ட், ஸ்ட்ரிக்ட் என்று இரண்டு புரொஃபைல்கள் (எதைத் தேடி, கண்டால் என்ன செய்வது என்ற செட்டிங் தொகுப்புகள்) தயாராகவே இருக்கும். ஆன்டிவைரஸுக்கு டீஃபால்ட் மட்டும்தான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: எச்டிடிபி, எஃப்டிபி, எஸ்எம்பி (வெப், ஃபைல் பரிமாற்ற முறைகள்) வழியாக வரும் வைரஸைத் தடுக்கும், எஸ்எம்டிபி, ஐமேப், பாப்3 வழியே மெயிலில் வந்தால் வெறும் அலர்ட்தான், தடுக்காது. மாதிரித் தேர்வில் நான் கோட்டை விட்டது இங்கேதான்.

புரொஃபைல் வேலை செய்வது டிராஃபிக்கை அனுமதிக்கும் ரூலில் மட்டுமே. மதகையே அடைத்துவிட்டால், வராத தண்ணீரில் ஆகாயத்தாமரையை யார் தேடுவார்கள்? அப்புறம், டீஃபால்ட்டை நேரடியாகத் திருத்த முடியாது. குளோன் (நகல்) எடுத்து அதில்தான் மாற்ற வேண்டும்.