உடைந்த தட்டில் பொதுச்சுவர்: தொட்டுப் பார்க்கும்படி மொசைக் செய்வது எப்படி?

உடைந்த துண்டுகளைப் பதித்து நான் செய்த முதல் மொசைக் சுவரில் ஒரு மீன் இருந்தது. வேலை முடிந்த மூன்றாம் நாள் ஒரு சிறுமி அதன் வாலைத் தடவிப் பார்த்தாள். விரல் நுனியில் ரத்தம் வந்துவிட்டது. உடைந்த தட்டின் ஓரத்தைத் தேய்க்காமல் பதித்தது என் சோம்பல்தான். அன்று மாலையே உளியோடு போய் வாலைப் பெயர்த்து எடுத்தேன். பொது இடத்துச் சுவரை யாரும் கண்ணோடு பார்த்துவிட்டுப் போவதில்லை, கை போட்டுத்தான் பார்ப்பார்கள். ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்தால் இன்னும் நாலு பேர் தொடுவார்கள். ஆகவே தொடுவதற்கென்றே செய்துவிடுங்கள்.

முதலில் அனுமதி, அதுவும் எழுத்தில். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நெக் சந்த், கழிவுப் பொருள்களைக் கொண்டு அரசு வனநிலத்தில் பல ஆண்டுகள் ரகசியமாகச் சிலைகள் செய்தார். விஷயம் வெளியே வந்தபோது அவை இடிபடாமல் தப்பின. 1976இல் அந்த இடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது.

அடுத்து சுவர். சுத்தியல் பிடியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் பூச்சு உள்ளே விட்டுவிட்டது என்று பொருள். அதைப் பெயர்த்து மறுபடி பூச வேண்டும். பெயின்ட், சுண்ணாம்பு எதன் மேலும் ஒட்டாதீர்கள். பசை பெயின்டைத்தான் பிடித்துக்கொள்ளும், பெயின்ட் சுவரை விட்டுவிடும். சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியைக் கழுவிய பிறகே வேலை. அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவர் என்றால் வேறு சுவர் தேடுங்கள். அதில் உப்புப் பூக்கும், துண்டுகளும் கழன்று வரும்.

பொருள் சேர்ப்பதுதான் இந்த வேலையிலேயே சுகமான பகுதி. வீடு புதுப்பிக்கிறவர்களின் கட்டட இடிபாடு, கடைகளில் ஒதுக்கிவைத்த உடைந்த டைல்ஸ், விளிம்பு போன தட்டு, பிடி உடைந்த கோப்பை எல்லாம் வரட்டும். தரை டைல்ஸ் கெட்டி, அவ்வளவாக நீர் உறிஞ்சாது, வெளிச்சுவருக்கு உகந்தது. உடைக்கத்தான் கை வலிக்கும். சுவர் டைல்ஸ் சுலபமாக உடையும், ஆனால் நீரை உறிஞ்சும். இரும்பு வேண்டாம், துரு வழியும். பிளாஸ்டிக் மூடிகள் வெயிலில் வெளுத்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கை எட்டும் உயரத்தில் பதிக்கவே கூடாது. சேர்த்ததை எல்லாரும் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். நான் முதலில் தடிமன் பார்த்துப் பிரிப்பேன். தொடும் சுவரில் மேடு பள்ளம்தான் முதல் வண்ணம்.

உடைக்கும்போது துண்டைக் கோணிச் சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வடிவம் திருத்த டைல்ஸ் குறடு போதும். அதன் பிறகு, நான் அன்று செய்யாமல் விட்ட வேலை: ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தேய்த்த ஓரத்தில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். வானொலி கேட்டுக்கொண்டே நாலு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

வரைபடத்தில் எனக்கு இன்னோர் அடி விழுந்தது. இரண்டாவது சுவரில் இறகு இறகாக ஒரு மயில் செய்தேன், பெருமையாக. பார்வையற்ற ஒருவர் அதைத் தடவிவிட்டு, “ஜல்லிக் குவியல் மாதிரி இருக்கிறது, எங்கே தொடங்குகிறது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். உருவத்தின் எல்லைக்கோடு தடித்த துண்டுகளால் நாலைந்து மில்லிமீட்டர் எழும்பி, விரல் தடைபடாமல் ஓடும்படி இருக்க வேண்டும். பின்னணி வழுவழுப்பாக, உருவத்தின் உள்பகுதி வேறு சொரசொரப்போடு இருக்க வேண்டும். உருவங்கள் குறைவாக, பெரிதாக இருக்கட்டும். முக்கியமானதெல்லாம் தரையிலிருந்து 40 முதல் 120 சென்டிமீட்டருக்குள் அமைந்தால் சிறுவருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் எட்டும். நாற்காலி திரும்பச் சுவருக்கு முன்னால் 150 சென்டிமீட்டராவது சமதளம் வேண்டும். முன்னால் பூந்தொட்டி வைத்து அழகுபடுத்த ஒருவர் வருவார், பணிவாகத் தடுத்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு, வெளிச்சுவருக்கான சிமென்ட் டைல்ஸ் பசையே சரி. மரம் ஒட்டும் வெள்ளைப் பசை மழையில் இளகும். கையுறை போடுங்கள், ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். இருபது நிமிடத்தில் பதித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். மேலே ஆடை கட்டிவிட்டால் வழித்துப் போட்டுவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். வளைந்த தட்டுத் துண்டின் முதுகிலும் பசை நிரப்ப வேண்டும். உள்ளே காற்று நின்றால் ஒரு தட்டு தட்டினாலே உடையும். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி 2 முதல் 4 மில்லிமீட்டர்.

பிடிமானம் சரியாக அமைந்தால் உடைந்த பொருள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள வாட்ஸ் கோபுரங்கள் சாட்சி. சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை இரும்பு, கம்பி வலை, சிமென்ட் கொண்டு எழுப்பி, உடைந்த பீங்கானும் சீசாத் துண்டும் பதித்தவை. ஆபத்தானவை என்று நகர நிர்வாகம் இடிக்கப் பார்த்தது. 1959இல் 10,000 பவுண்டு விசையோடு இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை.

துண்டுகளைப் பதித்து ஒரு நாள் கழித்து, இடைவெளிகளில் கிரவுட் (இடைவெளி அடைக்கும் சிமென்ட் கலவை) நிரப்புங்கள். இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் மணல் கலந்த கிரவுட் தேவை. கால் மணி நேரம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் குறுக்காகத் துடையுங்கள். இடைவெளியின் போக்கிலேயே துடைத்தால் நிரப்பியதையே தோண்டி எடுத்துவிடும். பிறகு கையுறையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு சுவர் முழுவதையும் ஒரு முறை தடவுங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே சாணைக்கல்.

மிஞ்சிய துண்டுகளையும் கொஞ்சம் கிரவுட் பொடியையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். என் மீனுக்கு இப்போது வால், பழைய கோப்பையின் வளைந்த கைப்பிடி. பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். இதுவரை இரண்டு முறை பெயர்ந்துவிட்டது, இரண்டு முறையும் ஒட்டிவிட்டேன். டப்பாவில் இன்னும் மூன்று கைப்பிடிகள் இருக்கின்றன.